குறைந்தபட்ச நீளம்

லியபாயாவில் ஒரே ஒரு ட்ராம் பாதை.
வழி தவற வேண்டுமென்று நினைத்தாலும் முடியாது.
பதினெட்டு வருடம் அதில் போய்த் திரும்பிய எனக்கு
இந்த மென்பொருளின் முதல் பக்கத்திலேயே
ஏழு கிளைவழி.
எங்கே சேமிப்பது, என்ன பெயர் வைப்பது,
எந்த மொழியின் ஒலியை வைத்துக்கொள்வது.
லாட்வியனைத் தொட்டேன். ரஷ்யனையும் விட மனமில்லை:
பழைய துப்பறியும் படங்களை
மாடிவீட்டு ஃபைனா அதில்தான் கேட்பாள்,
கண் போய்விட்டது அவளுக்கு.

டிரைவ் புதியதில்லை. அடகுக்கடை ஔஸ்ட்ரிஸ்
ஒன்பது யூரோவுக்குத் தந்தான், கூடவே ஓர் எச்சரிக்கை:
வட்டாரக் குறியீட்டை ஐந்து தடவைதான் மாற்றலாம்,
ஐந்தாவதாக எங்கே நிற்கிறதோ
சாகும்வரை அங்கேதான்.
முன்பு வைத்திருந்தவன் மாலுமி,
மூன்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறான்.
எனக்கு இரண்டு மிச்சம்.
ஹாலிஃபாக்ஸிலிருந்து மகள் மதரா அனுப்பிய
கனடா வட்டுக்கு ஒன்று,
வீட்டுக்குத் திரும்பிவர ஒன்று.
கணக்கு சரிதான். ஆனாலும்
அந்த வட்டை ஓரமாக எடுத்து வைத்தேன்.

பிஸ்கட் டப்பாவில் அறுபத்து மூன்று.
கடையில் வாங்கியவை இன்னும் முறுக்காக இருக்கின்றன.
வீட்டில் எழுதியவைதான் ஓரத்தில் பழுப்பேறி,
நறுக்கிவைத்து மறந்த ஆப்பிள் மாதிரி.
கீறலுக்குப் பற்பசை தேய்த்தேன்.
இரண்டு பிழைத்தன. மூன்றாவது
மதராவின் முதல் பள்ளி நாளில் போய் முட்டி
அவள் கையிலிருந்த பூங்கொத்தையே
திரும்பத் திரும்ப வாசித்து
கடைசியில் முடியவில்லை என்றது.

பிறகு, '2009 லீகோ' என்று
வெல்கா பச்சை மையில் எழுதிய வட்டு.
நெருப்பு, ஓக் இலை மாலை, பீர், யார் யாரோ.
மென்பொருள் எண்ணிச் சொன்னது:
நான்கு பகுதி. எடுப்பது மூன்று.
இரண்டு நிமிடத்துக்குக் குறைந்தவை
தாமாகவே தவிர்க்கப்படும்.
விளம்பரம், முத்திரைக் காட்சி, ஒன்றுமில்லாத கறுப்பு
எல்லாவற்றையும் வடிக்கத்தான் அந்த விதி.
நல்ல விதிதான்.

எனக்குக் கணக்கு இடிக்கக் கூடாது.
சீட்டுப் பணத்தில் ஐந்து சென்ட் குறைந்தாலே
தூக்கம் வராதவன்.
120 இருந்த கட்டத்தில் 0 போட்டேன்.

நாற்பத்தொரு வினாடி.
அணைத்துவிட்டோமென்று நினைத்து
மேசையில் படுக்கவைத்த கேமரா.
விரிப்பின் ஓரம். சதகுப்பை தூவிய
உருளைக்கிழங்குக் கிண்ணத்தில் பாதி.
வெல்காவின் முழங்கை.
'அது ஓடுது பாரு' என்கிறாள்.
'இல்ல' என்கிறது என் குரல்,
எதையோ மென்றுகொண்டு.
கத்திச் சத்தம் நிற்கிறது.
'டண்டாக்கில் காளான் பண்ணைக்கு ஆள் எடுக்கிறாங்களாம்.
ஸ்மைதா போறா.
நானும் போகலாம்னு இருக்கேன்.'
காற்று ஜன்னலை ஒருமுறை அடிக்கிறது.
'உப்பு எங்கே?' என்கிறேன் நான்.
முழங்கை நகர்கிறது. உப்பு வருகிறது.
அவ்வளவுதான்.

பணிமனையில், பீர்க் கடையில்,
விவாகரத்து மன்றத்தில்கூட
நான் சொன்னது ஒரே வாக்கியம்:
சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.
சொல்லிச் சொல்லி வழவழப்பாகியிருந்தது அது.
நீதிபதி தலையாட்டினார்.
ஃபைனா எனக்காக அழுதே விட்டாள்.

மறுபடி ஓட்டினேன். மறுபடி உப்புக் கேட்டேன்.
ஒன்பது தடவை.
ஒரு தடவையாவது அந்த ஆள்
வேறெதையாவது கேட்டிருக்கலாம்.

கோப்புக்குப் பெயர் கேட்டு நிற்கிறது கட்டம்.
மேலே ஃபைனா தடியால் தரையைத் தட்டுகிறாள்,
துப்பறியும் படம் தயாரா என்று.
'இன்னும் இல்ல' என்று கூரையைப் பார்த்துக் கத்தினேன்.
முதல் ட்ராம் ஐந்து இருபதுக்கு.
அது தானாகப் போட்ட எண்ணிலேயே சேமித்துவிட்டு
அடுத்த வட்டை வைத்தேன்.
ஆறு பகுதி என்றது.
ஆறையும் எடு என்றேன்.